மணிக்கயிறு எட்டாத உயிர்

கயா ஒண்ணுக்குப் போகும்போது கத்துகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா.

கயா எங்கள் வீட்டு கினிப்பன்றி. ரொட்டியில் தடவுகிற கயாவின் நிறம், அதனால் அந்தப் பெயர். கிள்ளானில் ஒரு கடையில் அறுபது வெள்ளிக்கு வாங்கினேன். அம்மாவுக்கு அது ரொம்ப நாள்வரை 'அந்த எலி'தான். மலாயிலும் அதைத் 'திக்குஸ் பெலாண்டா', அதாவது டச்சு எலி என்றுதான் சொல்கிறார்கள். அதனால் அம்மாவைத் திருத்த என்னிடம் வலுவான வாதம் எதுவும் இல்லை. ஆங்கிலப் பெயரும் சரியில்லை. அது கினியிலிருந்து வந்ததும் அல்ல, பன்றியும் அல்ல. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வீட்டில் வளர்க்கத் தொடங்கிய கொறிவிலங்கு.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அது பசிக்குக் கத்தலடி. ஒண்ணுக்குப் போறப்பதான் கத்துது. கூண்டுகிட்ட நின்னு பாரு."

நின்று பார்த்தேன். கயா மூலைக்குப் போனது. முதுகை வளைத்துக் கூனிக்கொண்டது. கீச்சென்று ஒரு சத்தம். விரித்திருந்த துணியில் இளஞ்சிவப்பாக ஈரம் பரவியது. பிறகு எதுவும் நடக்காததுபோல் திரும்பி வந்து புல்லை மென்றது.

அந்தச் சத்தத்தை நான் பத்து நாட்களாவது கேட்டிருப்பேன். கினிப்பன்றி வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஐஸ்பெட்டிக் கதவு திறந்தாலே, பிளாஸ்டிக் பை சரசரத்தாலே அவை கத்தும். இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டிருந்தேன். "சரி சரி, வர்றேன்" என்று பதில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"தெரியும்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

தன் வலியைச் சொல்லாத ஓர் உயிருக்கு, அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் எவ்வளவு கடன்பட்டவர்? அன்றிலிருந்து ஒன்றரை ஆண்டாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஒழுங்காக யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

*

எக்ஸ்ரே படத்தில் கல் தெளிவாகத் தெரிந்தது. கயாவின் சிறிய எலும்புகளுக்கு நடுவே, பச்சைப் பட்டாணி அளவில், எலும்பைவிட வெள்ளையாக ஒரு வட்டம்.

கினிப்பன்றியின் உடம்பு கால்சியத்தைக் கையாளும் விதம் வேறு. நம் குடல் தேவையைப் பார்த்து அளவாக எடுத்துக்கொள்ளும். அதன் குடலோ தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப எடுத்துக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. அதனால் நல்ல ஆரோக்கியமான கினிப்பன்றியின் சிறுநீரே கொஞ்சம் கலங்கலாக இருக்கும். துணியில் காய்ந்தால் வெள்ளைத் தூள் படியும். சில உடம்புகளில் அந்தத் தூள் சேறாகத் தங்குகிறது, சிலவற்றில் கல்லாக இறுகுகிறது. அந்தக் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பத்துமலைக் குகையின் சுண்ணாம்புப் பாறை எதனால் ஆனதோ அதே பொருள்தான்.

ஆண் கினிப்பன்றியாக இருந்து, கல் சிறுநீர்க்குழாயில் சிக்கி அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. பெண்ணுக்குக் குழாய் குட்டை. சிறிய கல் தானாகவே வெளியேற வாய்ப்பு உண்டு. கயா பெண். ஆனால் கல் அந்த அளவைத் தாண்டிவிட்டது. வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கடையில் இரண்டு வகைப் புல் இருந்தது. பச்சையாக, இலையோடு, வாசமாக இருந்ததைத்தான் நான்கு வருடமாக வாங்கினேன். அது அல்ஃபால்ஃபா, தமிழில் குதிரைமசால். குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் ஏற்ற, கால்சியம் மிகுந்த தீவனம். வளர்ந்த கினிப்பன்றிக்குத் திமோத்திப் புல்தான் கொடுக்க வேண்டும். அதோடு தினம் ஒரு கைப்பிடி கீரை. கீரை சாப்பிட்டால் நல்லது என்று கேட்டுத்தானே வளர்ந்திருக்கிறோம்.

டாக்டர் என்னைக் குற்றவாளியாக்கவில்லை. தீனி ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றார். ஒரே கூண்டில் ஒரே புல்லைத் தின்கிற இரண்டில் ஒன்றுக்குக் கல் வரும், மற்றதற்கு வராது. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, கிருமித்தொற்று, பிறவியிலேயே உள்ள உடல்வாகு என்று பலவும் சேர்கின்றன. எனக்கு அது ஆறுதலாக இல்லை. காரணம் நான் மட்டும் இல்லை என்றால், காரணங்களில் நானும் ஒருத்தி என்றுதானே பொருள்?

"இவ்வளவு பெரிய கல். இவ்வளவு நாள் எப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது?" என்று கேட்டேன்.

கயாவைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர், ஒரு மலாய்ப் பெண், பதில் சொன்னார். "டியா சாகிட், தாப்பி டியா சிம்பான்." அதற்கு வலிதான், ஆனால் உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

*

அறுவைக்கும் மருந்துக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.

"அறுபது வெள்ளி எலிக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளியா? அந்தக் காசுல முப்பது எலி வாங்கலாமே" என்றார் அம்மா.

நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது அது நகைச்சுவை இல்லை என்று புரிந்தது. ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்க முடியும் என்றால் அதற்கு விலை உண்டு, முடியாது என்றால் அதற்கு உள்ளது மாண்பு. இந்தப் பிரிவினையை 1785இல் கான்ட் செய்தார். ஆனால் மாண்பைப் பகுத்தறிவு உள்ளவர்களுக்கு மட்டுமே கொடுத்தார். அவர் கணக்கில் கயா விலையுள்ள பொருள்தான். அம்மாவும் கான்ட்டும் ஒரே பக்கம்.

என் பதில் இதுதான். முப்பது கினிப்பன்றி வாங்கினாலும் கயாவின் வலி அந்த முப்பதில் எதற்கும் போய்ச் சேராது. அது இருக்கிற உடம்பிலேயே இருக்கும். கினிப்பன்றியை மாற்றிக்கொள்ளலாம், அதன் வலியை மாற்றிக்கொள்ள முடியாது. வலி இருக்கிற இடத்தில் விலைக்கணக்கு செல்லாது.

அம்மாவின் இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. "ஊர்ல டயாலிசிஸுக்குக் காசு இல்லாம எத்தனை பேரு கஷ்டப்படறாங்க."

உண்மை. இதற்கு என்னிடம் முழுப்பதில் கிடையாது. ஒன்று மட்டும் கவனித்தேன். போன வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துக் கைப்பேசி மாற்றினேன். அப்போது யாரும் டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றிப் பேசவில்லை, நானும் நினைக்கவில்லை. நம் ஆசைக்குச் செலவழிக்கும்போது ஏழைகள் நம் நினைவுக்கு வருவதே இல்லை. நம்மைவிட பலவீனமான ஒன்றுக்குச் செலவழிக்கப் போகும்போதுதான் வரிசையாக வந்து நிற்கிறார்கள். இதனால் அம்மாவின் கேள்வி தவறாகிவிடாது. அதைக் கைப்பேசிக் கடையிலும் கேட்க வேண்டும் என்றுதான் ஆகிறது.

மூன்றாவது வாதத்தை அம்மா சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான் கோழி சாப்பிடுகிறவள். பெருவிலும் எக்குவடோரிலும் இன்றும் கினிப்பன்றியைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே உணவு, இங்கே நோயாளி. இது வெறும் செல்லம் கொஞ்சல்தானோ?

கொஞ்சம் கொஞ்சலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடன் வேறு இடத்திலிருந்து வருகிறது. கயா தனக்கான புல்லைத் தானே தேடிக்கொள்ள முடியாது. எந்தப் புல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடம், எப்போது டாக்டர் என்று எல்லாவற்றையும் நான் முடிவு செய்தேன். ஓர் உயிரின் எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு, 'நான்தான் உனக்கு வழி' என்று நின்ற பிறகு, அந்த வழி செலவாகிறது என்று பின்வாங்க முடியுமா? மலேசியாவின் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் 2015கூட வலியிலிருந்தும் நோயிலிருந்தும் விலங்கைக் காப்பதை உரிமையாளரின் கடமையில் சேர்க்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் கூண்டுக் கதவைச் சாத்திய கை அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டுவிட்டது. கோழியைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதை மறைத்து என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை.

*

கல்லை ஒரு சிறு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். கயா பிழைத்தது. கினிப்பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தீனி நின்றால் குடல் நின்று அதுவே கொன்றுவிடும். ஆகவே ஐந்து நாள் புல்மாவைத் தண்ணீரில் கரைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் ஊட்டினேன். இரவுகளில் தூக்கம் வராமல் இருக்க எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன். தமிழ்ப்பள்ளியில் படித்த மனுநீதிச் சோழன் கதை அடிக்கடி வந்தது.

அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி. குறை உள்ளவர் யாரும் அடிக்கலாம். கன்றை இழந்த பசு வந்து அடித்தது. அரசன் இறங்கி வந்தான். தேரை ஓட்டிய சொந்த மகனையே தண்டித்தான். சின்ன வயதில் அந்தக் கதை எனக்குக் கொடுத்த நிம்மதி பெரிது. மாட்டுக்குக்கூட நீதி கிடைக்கிற ஊர்.

இப்போது எனக்கு வேறொன்று தெரிந்தது. பசுவுக்குக் கயிறு எட்டியது. எட்டாதவை என்ன செய்யும்? அதைவிடவும், கயிறு பக்கத்தில் தொங்கினாலும் தொடவே கூடாது என்று உடம்பு பழகிய உயிர் என்ன செய்யும்? கினிப்பன்றி மற்ற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த இனம். கூட்டத்தில் நொண்டுவது, முனகுவது, தனியாக ஒதுங்குவது எல்லாம் கழுகுக்கு அனுப்பும் அழைப்பு. வலியைக் காட்டியவை முதலில் பிடிபட்டன. மறைத்தவை பிழைத்துக் குட்டி போட்டன. ஆகவே கயாவின் மௌனம் வலி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

விலங்குக்கு அறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்காதீர்கள், துன்பப்பட முடியுமா என்று கேளுங்கள் என்று 1789இல் பெந்தாம் எழுதினார். பெரிய திருப்பம்தான். ஆனால் கயா ஒரு நாளும் என்னை அந்தக் கேள்வியில் தடுமாற வைக்கவில்லை. அதற்கு வலிக்கும் என்பது எனக்கு எப்போதும் தெரியும். இன்றைக்கு, இந்த நிமிடம், வலிக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. கொள்கையில் நான் தோற்கவில்லை, பார்ப்பதில் தோற்றேன்.

பாரியின் கதை இங்கே வேறு மாதிரி தெரிகிறது. முல்லைக்கொடி மணி அடிக்கவில்லை. கேட்கவும் இல்லை. பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அது காற்றில் ஆடியதை ஒருவன் பார்த்தான். தேரைக் கொடுத்ததைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்கு அவன் தேரை நிறுத்திப் பார்த்ததுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

நான் பாரி இல்லை. எனக்குத் தெரிந்த வழி, சமையலறைத் தராசு. கினிப்பன்றி வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை எடை பார்ப்பது வழக்கம், ஏனென்றால் முகத்தில் எதுவும் தெரிவதற்கு முன்பே எடை இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு ஞாயிறும் கயாவை ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து எண்ணை நோட்டில் குறித்தேன். 965. 970. 980. மணியை அதனால் அடிக்க முடியாது என்றால் கயிற்றை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

*

கயிறு எட்டாதவர்களைப் பற்றி யோசிக்கும்போது 1907ஆம் ஆண்டைத் தவிர்க்க முடியவில்லை.

அன்றைய கிறிஸ்டியானியாவில், இன்றைய ஓஸ்லோவில், ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இருவர் கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஒருவகை பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்தார்கள். பெரிபெரி வரவில்லை. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, ஸ்கர்வி வந்தது. வைட்டமின் சியைப் பெரும்பாலான விலங்குகளின் உடம்பு தானே தயாரிக்கும். கினிப்பன்றியால் முடியாது, மனிதனாலும் முடியாது. அந்த ஒரே குறையைப் பகிர்ந்துகொண்டதால்தான் வைட்டமின் சியைக் கண்டுபிடிக்கும் பாதை திறந்தது. நம் பற்கள் நிற்பதற்கு அவற்றின் பற்கள் ஆடின.

அதே ஆண்டு, வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளிகள் காப்பகத்தில் தான் செய்த சோதனையை வெளியிட்டார். அதுவும் பெரிபெரியைப் பற்றியதுதான். புழுங்கலரிசி சாப்பிடும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வருவதில்லை என்பதை மலாயாவில் இருந்த மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். ஃபிளெட்சர் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குத் தீட்டிய சயாம் பச்சரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. முதல் கூட்டத்தில் பெரிபெரி வந்தது, பலர் இறந்தார்கள். இரண்டாம் கூட்டம் தப்பியது. அந்தச் சோதனை பின்னால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. நாம் சாப்பிடும் சோற்றிலும் அதன் பலன் உண்டு.

அந்த மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. யாரை வரிசையில் நிறுத்தினார்கள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. மனநோயாளியிடம் சம்மதம் கேட்பது அன்றைய வழக்கம் அல்ல. கினிப்பன்றியிடம் கேட்கவே முடியாது. அவர்களுடைய மௌனம் மற்றவர்களுக்கு வசதியாக இருந்தது. சோதனைக்கு ஆளாகிறவரை ஆங்கிலத்தில் 'கினி பிக்' என்று சொல்கிறோம். சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிற சொல். பாட்டிலில் இருக்கும் கல்லைப் பார்த்த பிறகு எனக்கு அது அவ்வளவு எளிதாக வாயில் வருவதில்லை.

*

பதினோரு மாதம் கழித்துத் தராசு இறங்கியது. 980, பிறகு 950, அடுத்த ஞாயிறு 920. கயா கத்தவில்லை. சிறுநீரில் சிவப்பும் இல்லை. எண் மட்டுமே சொன்னது.

மறுபடியும் எக்ஸ்ரே. சிறுநீர்ப்பையில் ஒரு கல், இடது சிறுநீரகத்தில் இன்னொன்று. கினிப்பன்றிக்கு இது மீண்டும் வருவது அரிதல்ல என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கயாவுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கலாம். சிறுநீரகக் கல்லைத் தொடுவது கடினம். வலிமருந்து கொடுத்துச் சில வாரம் பார்க்கலாம். அல்லது தூங்க வைத்துவிடலாம்.

அந்த இரவு என்னை நானே ஒரு கேள்வி கேட்டேன். இந்த அறுவை நடந்தால் யாருடைய மனம் லேசாகும்? முதல் முறை அது கயாவுக்கான அறுவைதான் என்று இன்றும் நம்புகிறேன். கல் ஒன்று, அதை எடுத்தால் வலி போகும். இரண்டாம் முறை அறுத்திருந்தால், 'நான் எல்லாம் செய்தேன்' என்று சொல்லிக்கொள்வதற்காக இருந்திருக்கும். அதற்கான விலையைக் கயாவின் வயிறு கொடுத்திருக்கும். கவனிப்பு என்பது முடிவில்லாமல் செய்துகொண்டே இருப்பது அல்ல என்று அன்று முடிவு செய்தேன். சரியான முடிவா? இன்னமும் சில இரவுகளில் சரியில்லை என்றே படுகிறது. கயாவிடம் கேட்க முடிந்திருந்தால் என்று தோன்றும். கேட்க முடியாது என்பதால்தானே இவ்வளவும்.

அம்மாவும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை. காரில் கயாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். 'எலி' என்று சொல்லவில்லை. "இதுக்குக் குளிருதுடி, ஏர்கோனைக் கொறை" என்றார்.

திரும்பி வரும்போது மடியில் வெறும் துண்டு. சாலை விளக்கில் நின்றோம்.

"அந்தக் கத்தல் எனக்குத் தெரியும்னு சொன்னேனே" என்றார் அம்மா. "லைன்ல நிக்கிறப்ப டாய்லெட் போகணும்னா ஆளு மாத்தி விடணும். சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்கணும். அதுக்குத் தண்ணி குடிக்காம இருந்துட்டாப் போச்சு. அப்புறம் எரியும். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு, பைப்பத் தொறந்து விட்டுட்டுத்தான் போவேன். நீங்கள்லாம் படிச்சிக்கிட்டு இருப்பீங்க."

அம்மா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். அந்தக் குழாய்ச் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீர்ப் பில் ஏறுகிறது என்று அப்பா திட்டியதும் நினைவிருக்கிறது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்ல."

கயாவின் நோட்டில் ஒவ்வொரு ஞாயிறும் குறித்த எடைகள் இருந்தன. அம்மாவைப் பற்றி நான் ஒரு வரிகூட எங்கும் குறித்து வைத்ததில்லை. அம்மாவுக்குப் பேச்சு வரும். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வரும். கயிறு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஆனால் அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை இருபத்திரண்டு வருடம் அவருக்குப் பழக்கியிருந்தார்கள். அதில் ஒரு பங்கு வீட்டில் இருந்த நாங்களும் கொடுத்திருக்கிறோம். "சொல்லியிருக்கலாமே" என்று கேட்கத் தோன்றியது. அது கேட்காதவர்கள் சொல்லும் வசனம் என்பதால் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மாவை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். வரிசை நீளம், கார் நிறுத்த இடமில்லை, ஒண்ணும் இல்லாததற்கு ஒரு நாளை வீணாக்குகிறாய். சிறுநீர் பிடிக்க ஒரு சின்னக் குப்பி கொடுத்தார்கள். அம்மா போய்விட்டு வந்தார். தாதி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சூடா பெராப்பா லாமா?" என்று கேட்டார். எவ்வளவு நாளாக?

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தாதியிடம் திரும்பிச் சொன்னார்.

"சூடா லாமா." ரொம்ப நாளாக.